பித்தப்பைக் கல்லும் வீட்டு மருத்துவமும்: நோயின் கட்டம் அறிந்து மதிப்பிடுதல்

வயிற்று ஸ்கேனில் பித்தப்பைக் கல் இருப்பது தெரிந்தவுடன் உறவினரும் நண்பரும் வைத்தியம் சொல்லத் தொடங்குகிறார்கள். ஒருவர் வாழைத்தண்டுச் சாறு என்கிறார், மற்றொருவர் சிறுபீளைக் கஷாயம் என்கிறார், இன்னொருவர் எலுமிச்சைச் சாறு கலந்த ஆலிவ் எண்ணெய் என்கிறார். இவை பற்றிய விவாதம் பெரும்பாலும் இயற்கை மருத்துவமா, ஆங்கில மருத்துவமா என்ற கட்சிப் பிரிவினையாக முடிந்துவிடுகிறது. அந்தப் பிரிவினை நோயாளிக்கு உதவுவதில்லை. பித்தப்பைக் கல் நோய்க்கு மூன்று கட்டங்கள் உண்டு: கல் உருவாவதற்கு முந்தைய நிலை, உருவான கல் பித்தப்பைக்குள் கிடக்கும் நிலை, அது பித்தநாளத்தை அடைக்கும் நிலை. முதல் கட்டத்தில் உணவுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாம் கட்டத்தில் வீட்டு மருந்து எதுவும் கல்லைக் கரைத்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை. மூன்றாம் கட்டத்தில் அதை நம்பிக் காத்திருப்பது உயிருக்கே கேடு. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லாக் கல்லும் ஒரே கல் அல்ல

கல்லீரல் சுரக்கும் பித்தநீரைப் பித்தப்பை சேமித்துச் செறிவாக்குகிறது. நீரில் கரையாத கொலஸ்ட்ராலைப் பித்த உப்புகளும் லெசித்தினும் கரைந்த நிலையில் வைத்திருக்கின்றன. கொலஸ்ட்ரால் அளவு மீறும்போதோ, பை சரிவரச் சுருங்காமல் பித்தநீர் தேங்கும்போதோ படிகங்கள் தோன்றிக் கல்லாக வளர்கின்றன. நிறமிக் கற்களின் கதை வேறு. சிவப்பணுக்கள் மிகையாகச் சிதைவதாலும் கல்லீரல் சுருக்க நோயாலும் கருநிறக் கற்களும், பித்தநாளத் தொற்றால் பழுப்புக் கற்களும் உண்டாகின்றன. அவற்றின் அடிப்படை பிலிரூபினும் கால்சியமும்.

இந்த வேறுபாடு நம் நிலப்பரப்பிலேயே தெரிகிறது. இந்திய ரயில்வே ஊழியர்களை ஆராய்ந்து 1968இல் மல்ஹோத்ரா வெளியிட்ட கட்டுரை, பித்தப்பைக் கல் தென்னிந்தியரைவிட வடஇந்தியரிடம் 7 மடங்கு அதிகம் என்று காட்டியது. வடக்கில் கொலஸ்ட்ரால் கற்கள் மேலோங்க, தெற்கில் நிறமிக் கற்களுக்கும் கணிசமான இடமுண்டு. கொலஸ்ட்ராலைக் கரைக்கும் பொருள் நிறமிக் கல்லைக் கரைக்காது. ஆகவே, கல்லின் வகை தெரியாமல் எல்லாருக்கும் ஒரே மருந்து சொல்வது தொடக்கத்திலேயே தவறாகிறது.

சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லப்படும் வாழைத்தண்டு, சிறுபீளை, நெருஞ்சில் ஆகியவற்றைப் பித்தப்பைக் கல்லுக்கும் கொடுப்பது இன்னொரு குழப்பம். சிறுநீர் பெருகினால் சிறுநீர்ப் பாதையில் உள்ள சிறு கல் வெளியேற வாய்ப்புண்டு. பித்தப்பை அந்தப் பாதையில் இல்லை. அதன் நாளம் குடலில் திறக்கிறது. எத்தனை குடம் நீர் குடித்தாலும் அந்த ஓட்டம் பித்தப்பையைத் தொடுவதில்லை.

வெளியே வந்தவை கற்களா?

எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் குடித்தவர்கள் மறுநாள் மலத்தில் பச்சைநிற உருண்டைகளைக் காண்கிறார்கள். கண்ணால் கண்ட சான்றைவிட வேறென்ன வேண்டும் என்று அவர்கள் கேட்பது இயல்பே. நியூசிலாந்தின் ஹாமில்டன் நகர மருத்துவர்கள் ஒரு பெண்ணுக்கு வெளியான அத்தகைய உருண்டைகளை ஆய்வகத்தில் சோதித்து, முடிவை 2005இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 10 நிமிடத்தில் அவை பச்சை எண்ணெயாக உருகின. கொலஸ்ட்ராலோ பிலிரூபினோ கால்சியமோ அவற்றில் இல்லை. முக்கால் பங்கு கொழுப்பு அமிலமாகவே இருந்தது. குடித்த எண்ணெய் குடலில் செரித்து, எலுமிச்சைச் சாற்றின் பொட்டாசியத்தோடு சேர்ந்து உருவான சோப்பு அது. அந்தப் பெண்ணின் உண்மையான கற்கள் பித்தப்பையிலேயே இருந்தன. பின்னர் அறுவை சிகிச்சையில்தான் அவை அகற்றப்பட்டன.

பயன் இல்லாததோடு இதில் ஆபத்தும் உண்டு. மிகுதியான எண்ணெய் பித்தப்பையை வலுவாகச் சுருங்கச் செய்யும். அப்போது நகரும் கல் நாளத்தில் சிக்கினால் மஞ்சள் காமாலையும் கணைய அழற்சியும் வரக்கூடும்.

குணமடைந்தவர்களின் சாட்சியம்

குணம் கண்டவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் அனுபவத்திற்கு வேறு விளக்கம் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், தொந்தரவு தராத கல் உடைய 123 பேரைத் தொடர்ந்து கவனித்து கிரேசியும் ரேன்சோஹாஃபும் 1982இல் வெளியிட்ட ஆய்வில், 15 ஆண்டுகளுக்குள் வலி கண்டவர்கள் 18 விழுக்காட்டினரே. எதையும் குடிக்காமலே ஐவரில் நால்வர் நலமாக இருப்பார்கள் என்றால், கஷாயம் குடித்தவர்களிலும் அதே அளவினர் நலமாகத்தான் இருப்பார்கள். வலி வந்தவர்களிலும், பித்தப்பையின் கழுத்தில் சிக்கிய கல் விலகியதும் சில மணி நேரத்தில் வலி தானே அடங்கிவிடுகிறது. அந்நேரத்தில் கொடுத்த மருந்துக்குப் பெயர் வந்துவிடுகிறது.

இதே ஆய்வு மறுதரப்புக்கும் பாடம் சொல்கிறது. தொந்தரவற்ற கல் உடைய பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை தேவையில்லை. ஸ்கேனில் கல்லைக் கண்டவுடன் கத்தியை நாட வேண்டாம் என்று வீட்டு மருத்துவத்தை ஆதரிப்போர் சொல்வது இந்த அளவில் சரியே.

சமையலறையின் உரிய இடம்

மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், கல் உண்டாக்கும் உணவோடு வெந்தயம், பூண்டு, வெங்காயம், மஞ்சளின் குர்குமின் ஆகியவற்றைச் சுண்டெலிகளுக்குத் தந்தபோது கொலஸ்ட்ரால் கற்கள் குறைவாகவே உண்டாயின. மனிதரில் நிறுவப்படாவிட்டாலும் மதிக்கத்தக்க தொடக்கம் இது. ஆனால் 20 மி.கி. குர்குமின் ஆரோக்கியமானவர்களின் பித்தப்பையைச் சுருங்கச் செய்ததையும் ஒரு சோதனை காட்டியிருக்கிறது. தேக்கத்தைத் தடுக்கும் இந்தப் பண்பே, கல் உள்ளவருக்கு மாத்திரையாகக் கொடுத்தால் வலியைத் தூண்டலாம். குழம்பில் சேரும் மஞ்சள் வேறு, செறிவூட்டிய மாத்திரை வேறு.

உண்ணாநோன்பும் சாறு மட்டும் குடிக்கும் சிகிச்சையும் இங்கே எதிர்விளைவே தரும். கொழுப்பே சேராத உணவால் பித்தப்பை சுருங்காமல் பித்தநீர் தேங்குகிறது. எடை வேகமாகக் குறையும்போது கல்லீரல் பித்தநீரில் மிகுதியான கொலஸ்ட்ராலைச் சேர்க்கிறது. எனவே வேளை தவறாத உணவு, நார்ச்சத்து, அளவான எண்ணெய், உடலுழைப்பு, மெதுவான எடைக் குறைப்பு ஆகியவையே தடுப்புக்கு உகந்தவை.

இயற்கைப் பொருள் என்பதால் எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. கிழக்காசிய மருத்துவம் நெடுங்காலம் பயன்படுத்திய கரடிப் பித்தத்திலிருந்து 1927இல் ஒகயாமாவில் ஷோடா பிரித்தெடுத்த பொருளே இன்றைய உர்சோடியாக்சிகோலிக் அமிலம். ஆய்வகத்தில் தயாரிக்கும் வழி கண்டு, அளவை வரையறுத்து, நோயாளிகளிடம் சோதித்த பின்பே அது மருந்தானது. இன்றும் நன்கு இயங்கும் பித்தப்பையில் உள்ள சிறிய கொலஸ்ட்ரால் கற்களையே, அதுவும் பல மாதங்களில், அது கரைக்கிறது. கரைந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 5 ஆண்டுகளில் கல் திரும்பவும் வருகிறது.

காமாலையும் கீழாநெல்லியும்

நம்மிடையே மிகக் கொடிய இழப்பு நேர்வது மூன்றாம் கட்டத்தில்தான். கண் மஞ்சளித்தால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுக்கும் வழக்கம் ஆழமாக வேரூன்றியது. வைரஸால் வரும் காமாலை பலருக்கும் தானே தணிவதால் அந்த நம்பிக்கை வலுப்பெற்றது. கல் அடைத்து வரும் காமாலையில் சிக்கல் பொறிமுறை சார்ந்தது. அடைப்பு நீங்க வேண்டும். குளிர்நடுக்கத்துடன் காய்ச்சலும் வலது மேல்வயிற்று வலியும் மஞ்சள் நிறமும் சேர்ந்தால், தேங்கிய பித்தத்தில் தொற்று ஏறிவிட்டது என்று பொருள். அந்த நோயாளிக்கு அன்றே மருத்துவமனை வேண்டும். வெளிறிய மலமும் உடல் அரிப்பும் அடைப்பைச் சுட்டும் அறிகுறிகள்.

ஆகவே ஒவ்வொரு மருந்திடமும் கேட்க வேண்டியது, எந்த வகைக் கல்லுக்கு, எந்தக் கட்டத்தில் என்பதே. சித்த மருத்துவ நூல்கள் கூறும் யோகங்களுக்கும் இதே அளவுகோலை வைக்கலாம். கல்லின் வகையைப் பிரித்தறிந்து, மருந்துக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்து, மருந்து பெறாத குழுவோடு ஒப்பிட்டால், பயனுள்ளது எதுவோ அது வெளிப்படும். அத்தகைய ஆய்வுகளை நம் சித்த மருத்துவக் கல்லூரிகளும் அறுவை சிகிச்சைத் துறைகளும் இணைந்து தொடங்க வேண்டும். அதுவரை காய்ச்சலும் காமாலையும் கண்டவரைக் கஷாயத்தோடு வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பதை மரபு மருத்துவரும் நவீன மருத்துவரும் ஒரே குரலில் சொல்வது இருவரின் கடமை.