கண்ணுக்கு வந்த இராகங்கள்

இராகமாலிகை என்றதும் நம்மவர்க்கு நினைவு வருவது, பல இராகங்களைத் தொடுத்துப் பாடும் உருப்படியே ஆகும். வடநாட்டிலோ இராகமாலை என்பது கண்ணால் காணும் பொருள். இராகம் ஒவ்வொன்றையும் ஓர் ஆடவனாகவோ பெண்ணாகவோ உருவகித்து, அதற்குரிய பொழுதும் பருவமும் தோன்ற அரசவை ஓவியர் தீட்டிய படத் தொகுதிக்கே அப்பெயர் வழங்குகின்றது. இராகங்கள் 6, ஒவ்வொன்றுக்கும் இராகினிகள் எனப்படும் மனைவியர் ஐவர், ஆக 36 படங்கள் என்பது இராஜஸ்தானத்துப் பெருவழக்கு. பஞ்சாப் மலைநாட்டாரோ புதல்வர்களையும் சேர்த்துக் குடும்பத்தைப் பெருக்கிவிட்டனர்!

முகல்சராயிலிருந்து (2018 முதல் அதற்கு வேறு பெயர், எம் நாவுக்கு இன்னும் பழகவில்லை) மிர்சாப்பூர் செல்லும் அன்பர்கள் இடையே சுனார் நிலையத்தைக் கண்டிருப்பர். மட்பாண்டத்துக்கும் மணற்கல்லுக்கும் பெயர்பெற்ற அவ்வூரிலேதான், 1591ஆம் ஆண்டில், புகழ்பெற்ற இராகமாலை ஒன்று தீட்டி முடிக்கப்பெற்றது. பூந்தி அரசர் சுர்ஜன் ஹாடா 1569இல் ரந்தம்போர்க் கோட்டையை அக்பரிடம் ஒப்புவித்துப் பேரரசுப் பணி ஏற்றவர். சுனார் அவர் குடும்பத்தார் பொறுப்பில் இருந்தது. வரைந்தோர் ஷேக் ஹுசைன், ஷேக் அலி, ஷேக் ஹாத்திம் என்னும் மூவர். அக்பர் அவையை அணிசெய்த பாரசீக ஓவியர் மீர் சையத் அலி, அப்துஸ் சமத் ஆகியோரின் மாணாக்கர் எனத் தொகுதியிலேயே பொறித்துள்ளனர். அக்கைகளே சிவலிங்கத்தைப் பூசிக்கும் பைரவியையும் வரைந்தன. சொந்த நாட்டுக்குத் தொலைவில் பிறந்த இத்தொகுதியையே பூந்தி, கோட்டா ஓவியர் ஏறத்தாழ 200 ஆண்டுகள் முன்மாதிரியாகக் கொண்டனர்.

படத்தைக் கண்டு இராகத்தை அறிந்து பாட இயலுமா? இயலாது என்பதே எம் கருத்து. தோடியைப் பார்ப்போம். வீணை ஏந்திய நங்கை. இசையில் மயங்கிச் சூழ்ந்து நிற்கும் மான்கள். ஆனால் வடநாட்டார் இன்று பாடும் தோடி நம் செவிக்குச் சுபபந்துவராளி போல் ஒலிக்கும். நம் தோடியின் சுரங்களோ அவர்தம் பைரவிக்கு அண்மையானவை. அந்த மான்கள் எந்தத் தோடிக்கு மயங்கின? ஓவியர் சுரத்தை அளந்து வரைந்தவரல்லர். தியான சுலோகத்தையும் முன்னோர் படத்தையும் பற்றி வரைந்தவர். தஞ்சை நாயக்கர் அவையில் வேங்கடமகி சுரங்களைக் கணக்கிட்டு 72 மேளங்களை வகுத்ததும் அந்த 17ஆம் நூற்றாண்டிலேதான். உதயபுரத்தில் சாகிப்தீன் தம் இராகமாலையைத் தீட்டியது 1628இல். ஒரே நாட்டில், ஒரே நூற்றாண்டில், இராகத்தை நோக்க இருவேறு வழிகள்! சாகிப்தீனின் ஏடுகள் சில புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. தலைநகர் செல்லும் குடும்பத்தார் ஒரு பிற்பகலை அதற்கென ஒதுக்கலாம்.

சுரத்தை விட்ட ஓவியர் பொழுதை மட்டும் விட்டாரில்லை. விபாசம் விடியற்கால இராகம். அப்படத்தில் காதலி அருகே துயில, தலைவன் வில்லை வளைத்துக் கூவும் சேவலைக் குறிபார்க்கின்றான். அது கூவினால் பொழுது விடிந்துவிடுமே! இரவுப் பணி முடித்து விடியலில் கண்ணயரும் எம்மனோர்க்கு அச்சினம் உரையின்றியே விளங்கும்.