படிக்கட்டு இருந்த ரோமாபுரி

ஓசூரைச் சேர்ந்த நித்ய ஸ்ரீ சிவன், 2024 செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்கில், குள்ள உருவினருக்கான இறகுப்பந்துப் பிரிவில் வெண்கலம் வென்றார். கெலமங்கலத்தில் நம்மிடம் மறைக்கல்வி பயில வரும் சிறுவர்கள் இதை அறிவர். அப்போட்டி எங்கே பிறந்தது என்று கேட்டால்தான் விழிக்கின்றனர். உண்மையைச் சொன்னால், நாமும் அண்மையில்தான் தேடிப் படித்தோம்.

லுட்விக் குட்மன் ஒரு யூத மருத்துவர். நாசி ஆட்சிக்குத் தப்பி 1939இல் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தவர். 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், தண்டுவடம் சிதைந்த போர்வீரர்களுக்கான பிரிவைத் தொடங்கினார். அத்தகையோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் மடிவர் என்று மருத்துவ உலகமே கைவிட்டிருந்த காலம் அது. குட்மன் அவர்களை வேளை தவறாமல் புரட்டிப் படுக்க வைத்தார், உட்கார வைத்தார், கையில் பந்தும் வில்லும் கொடுத்தார். இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 1948 ஜூலை 29 அன்று, சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் அம்மருத்துவமனை வளாகத்தில் அம்பெய்து போட்டியிட்டனர். 1952இல் டச்சு நாட்டினரும் வந்து சேர, அது பன்னாட்டுப் போட்டியாயிற்று.

1960இல் 23 நாடுகளின் 400 வீரர்கள் ரோமாபுரியில் கூடினர். முதல் பாராலிம்பிக் என இன்று எண்ணப்படுவது இதுவே. திருத்தந்தை 23ஆம் அருளப்பர் அவர்களை வரவேற்று, குட்மனை ‘முடங்கியோரின் கூபர்த்தென்’ என்று பாராட்டினார். நவீன ஒலிம்பிக்கின் தந்தையோடு வைத்துப் போற்றிய சொல் அது. ஆனால் வீரர்கள் தங்கிய கட்டடங்களிலோ படிக்கட்டுகள்! இராணுவத்தினர் அவர்களை நாற்காலியோடு தூக்கி ஏற்றி இறக்க வேண்டியதாயிற்று.

பிற்காலத்திலும் வழி எளிதாக இல்லை. 1980இல் ஒலிம்பிக்கை நடத்திய சோவியத் நாடு இப்போட்டியை ஏற்க மறுத்தது. 1988இல் சியோலில்தான் இரு போட்டிகளும் ஒரே அரங்குகளில் நடந்தன. இதற்கிடையே 1972இல், 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடிபட்ட நம் படைவீரர் முரளிகாந்த் பேட்கர், நீச்சலில் இந்தியாவின் முதல் தங்கத்தை வென்றிருந்தார். நாடு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியதோ 2018இல்!

ரோமாபுரியின் படிக்கட்டுகளைப் பற்றிப் படித்தபோது நமது ஆலய முகப்பின் ஏழு படிகள் நினைவுக்கு வந்தன. ஆலை விபத்தில் நடை இழந்த இளைஞர் ஒருவரை ஞாயிறுதோறும் நால்வர் நாற்காலியோடு தூக்கி வருகின்றனர். அதை அன்பின் அடையாளம் என்று மறையுரையிலும் புகழ்ந்திருக்கிறோம். அவருக்கு அது எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. சென்ற வாரம் கேட்டோம். “சாமி, மழை நாளில் அவங்க வழுக்கிடுவாங்களோன்னு பயமா இருக்கும். அதனால்தான் மழை பெய்தா பூசைக்கு வர்றதில்லை” என்றார்.

சாய்தளம் அமைப்பதற்குக் கொத்தனார் அளவெடுத்துச் சென்றிருக்கிறார்.