புலமைப்பரிசிலும் பிடியரிசியும்

நெடுந்தீவில் நான் மூன்று வருடம் படிப்பித்தேன். அங்கே கடமையாற்றும் வெளியூர் ஆசிரியர்கள் திங்கட்கிழமை விடியக் குறிகட்டுவானில் வள்ளம் ஏறுவார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் திரும்புவார்கள். ஒரு மணித்தியாலக் கடல். சோளகம் அடிக்கும் மாதங்களில் அந்த ஒரு மணித்தியாலம் எவ்வளவு நீளும் என்பதை அதில் போய்வந்தவர்களே அறிவார்கள்.

அப்படியொரு வருடம் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தாள். யாழ்ப்பாண நகரத்துப் பாடசாலை ஒன்றில் ஆறாம் ஆண்டுக்கு இடம் கிடைத்தது. சந்தோஷமாகச் செய்தி சொல்லப் போனேன். தகப்பன் முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"சேர், மாசம் எவ்வளவு குடுப்பினம்?" என்று கேட்டார்.

"750 ரூபா" என்றேன்.

அவர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. "பிள்ளை அங்க ஆற்றை வீட்டில நிக்கிறது? என்னத்தைத் தின்னுறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வலைக்குத் திரும்பினார்.

அன்றிலிருந்து இந்த நாட்டின் கல்வி உதவிகளின் வரலாற்றை அந்த மனிதரின் இரண்டு கேள்விகளோடுதான் வாசித்து வருகிறேன். நம்மவர்கள் எழுதிய கல்வி வரலாறுகளில் நிறுவியவர் பெயரும் ஆண்டும் தவறாமல் இருக்கும். பிள்ளை எங்கே நின்றது, என்ன தின்றது என்பது அநேகமாக இராது.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வியை முதலில் நன்றாக விளங்கிக்கொண்டவர்கள் அமெரிக்க மிஷனரிமார் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். 1816இல் வந்த அவர்கள், பகலில் வந்து போகும் பிள்ளை நிலைக்காது என்று கண்டு விடுதிப் பாடசாலைகளைத் தொடங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டை செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை. சோறு, உடுப்பு, புத்தகம் எல்லாம் இலவசம். உடுவிலில் கற்று முடிக்கும் பெண்ணுக்குச் சீதனமும் கொடுத்தார்கள். செலவை ஏற்றவர்கள் அமெரிக்காவிலிருந்த நன்கொடையாளர்கள். ஒருவர் ஒரு பிள்ளையின் செலவைப் பொறுப்பேற்றால் அவர் விரும்பிய பெயர் அந்தப் பிள்ளைக்கு இடப்படும். கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளை என்று நாம் இலக்கிய வரலாற்றில் வாசிக்கும் பெயர்களின் முன்பாதி இப்படி வந்ததுதான். சோற்றுக்கு விலையாகப் பெயர். அந்த விலையைக் கொடுத்தவர்கள் தமிழுக்குச் செய்த தொண்டு பெரிது. அதனால் விலை இல்லாமற் போய்விடாது.

முஸ்லிம்கள் அந்த விடுதிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பவில்லை. ஈமானுக்குப் பயந்தார்கள். பயம் நியாயமானது, ஆனால் அதற்கு நாம் கொடுத்த வட்டி அதிகம். சித்திலெப்பையின் முயற்சிகளும் 1892இல் கொழும்பில் தொடங்கிய ஸாஹிறாவும் வாசகர்கள் நன்கு அறிந்தவை, இங்கே விரிக்கவில்லை. கொழும்பில் ஒரு கல்லூரி எழுந்தாலும், கல்முனை வயற்காரன் மகனுக்கும் சோனகத் தெரு இறைச்சிக்கடைக்காரர் மகனுக்கும் கொழும்பு கடலுக்கு அப்பாலுள்ள தீவாகவே இருந்தது.

இந்த இடத்தில்தான் ஏ.எம்.ஏ. அஸீஸ் வருகிறார். 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். ராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றவர். முஸ்லிம் பிள்ளையாகவே போய் முஸ்லிம் பிள்ளையாகவே வெளியே வந்தவர். பெயரை யாரும் கேட்கவில்லை. அவர் ஏழையல்லர், தகப்பனார் சட்டத்தரணி. பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு கற்று, அரசாங்கப் புலமைப்பரிசிலில் கேம்பிரிட்ஜ் சென்று, சிவில் சேவைக்குத் தெரிவானதும் திரும்பி வந்தார். இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் அவரே.

1942இல், யுத்தகால உணவு உற்பத்திக்காக உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். நெல்லைப் பார்க்கப் போனவர் பிள்ளைகளைப் பார்த்தார். வயலுள்ள வீட்டிலும் எழுத்தில்லை என்பதைக் கண்டு, அதே ஆண்டில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். அங்கே கற்ற பாடத்தைக் கொழும்புக்குக் கொண்டுவந்து 1945 மே மாதத்தில் முழு நாட்டுக்குமாக இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார்.

இந்த ஆண்டைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது 1945 ஒக்டோபர் முதலாந் திகதி. பாடசாலைக் கட்டணமே இல்லாமற் போகப்போகிறது என்பது நாடறிந்த செய்தியாக இருந்த நேரத்தில், ஒரு சிவில் சேவை உத்தியோகத்தர் எதற்காகக் கல்விக்கு நிதி திரட்டினார்? பயிற்சிக் கல்லூரியில் இந்தக் கேள்வியை நான் விரிவுரையாளர் ஒருவரிடம் கேட்டேன். அவர் அது தற்செயல் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டணம் என்பது வகுப்பறை வாசலில் கேட்கும் காசு. அந்த வாசல்வரை வந்து சேர்வதற்கு வேறு காசு வேண்டும். முதலாவதை அரசாங்கம் ஒழித்தபோது இரண்டாவது இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. கல்முனையைக் கண்ட கண்ணுக்கு அது தெரியாமலிருக்க முடியாது என்பதே என் எண்ணம்.

கன்னங்கராவுக்கும் அது தெரிந்தேயிருந்தது. அவர் நாடெங்கும் அமைத்த 54 மத்திய பாடசாலைகளை நகரத்தில் வைக்காமல் கிராமங்களில் வைத்தார். ஐந்தாம் வகுப்பில் பரீட்சை வைத்துத் தெரிந்த ஏழைப் பிள்ளைகளை அங்கே விடுதியில் இலவசமாகத் தங்கவைத்துச் சோறு போட்டார். புலமைப்பரிசில் என்ற சொல்லுக்கு அன்று அர்த்தம் ஒரு கட்டிலும் மூன்று வேளைச் சாப்பாடும். எங்கள் தீவகத்திலும் வேலணையில் ஒரு மத்திய கல்லூரி உண்டு. இப்போது நான் கற்பிக்கும் கிராமத்திலிருந்து அது தூரமில்லை. காலப்போக்கில் அந்தப் பரீட்சை வேறொன்றாகிவிட்டது. கிராமத்துப் பிள்ளையைக் கிராமத்து விடுதியில் வைத்துப் படிப்பிக்க வந்த திட்டம், கெட்டிக்காரப் பிள்ளையை நகரத்துப் பாடசாலைக்குப் பொறுக்கியெடுக்கும் திட்டமானது. சோறு உதவித்தொகையாகச் சுருங்கியது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அந்த 750 ரூபா 1,500 ஆக்கப்பட்டது. இரண்டு மடங்கு என்று பத்திரிகைகள் எழுதின. நகரத்தில் ஒரு பிள்ளைக்குச் சாப்பாட்டோடு அறை தேடிப் பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

தீவுகளின் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒல்லாந்தர் வேலணைத் தீவுக்கு லெய்டன் என்றும் நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும் தங்கள் நகரங்களின் பெயரை வைத்தார்கள். அவர்களுடைய லெய்டனில் 1575இலேயே பல்கலைக்கழகம் இருந்தது. எங்களுடைய டெல்வ்ற்றில் ஆறாம் வகுப்புக்கு நல்ல இடம் கிடைத்தால் பிள்ளை கடல் தாண்ட வேண்டும்.

மேற்படிப்புக்குப் பின்னர் வந்தது மஹாபொல. வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலியின் எண்ணத்தில் உருவாகி, 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் நிதியமாக்கப்பட்டது. இதற்கு வர்த்தகச் சந்தைகளாலும் லொத்தராலும் பணம் வந்தது. லொத்தர்ப் பணம் ஆகுமா என்று பல்கலைக்கழகம் போன என் நண்பர்கள் ஒரு மௌலவியிடம் கேட்டார்கள். அவர் ஒன்று சொல்ல, இன்னொருவர் வேறு சொன்னார். சாப்பாட்டுக் கடைக்காரர் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கவில்லை. மஹாபொலவும் 2025இல் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆனது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்தக் காசு இல்லாவிட்டால் பட்டம் இல்லை என்றிருந்த பலரை நான் அறிவேன். என் குறை வேறு. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரித்திருக்கிறார்கள். கணக்கின் அலகு மாவட்டம். நல்லூர்ப் பிள்ளையும் நெடுந்தீவுப் பிள்ளையும் ஒரே மாவட்டம். மாவட்டத்துக்குள் கடல் இருப்பதை அந்தக் கணக்கு காணாது. அதைக் கடந்து உள்ளே போன பிள்ளைக்குத்தான் மஹாபொல. கடக்காத பிள்ளைக்கு எது?

நானும் அப்படிக் கணக்கில் விழாத பிள்ளைதான். 1990இல் சோனகத் தெருவில் ஐந்தாம் வகுப்பு. ஒக்டோபர் 30ஆம் திகதி ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, ஜின்னா மைதானத்தில் வைத்து, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள். ஆளுக்கு 150 ரூபாவுக்கு மேல் கொண்டுபோக விடவில்லை. வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதைப்பற்றி இப்பக்கங்களில் என்னைவிட நன்றாக எழுதியவர்கள் உண்டு. நான் சொல்ல வந்தது சிறிய விஷயம். புலமைப்பரிசில் பரீட்சையை நான் எழுதவேயில்லை.

புத்தளத்தில் கிடுகுக் கொட்டில், பின்னேரப் பாடசாலை. உயர்தரம் சித்தியடைந்தபின் உதவி கேட்டு விண்ணப்பம் எழுதியபோதெல்லாம் ஒரே இடத்தில் முட்டினேன்: நிரந்தர வதிவிடம். இங்குள்ளவர் நான் யாழ்ப்பாணத்தான் என்றார். யாழ்ப்பாணத்தில் எனக்குக் கையொப்பமிட ஆளில்லை. எந்த அலுவலகம் என்று எழுதி இப்போது ஆகப்போவது ஒன்றுமில்லை. பெரும்பாலான உதவிகள் ஒருவனுடைய ஊரைக் கேட்டுத்தான் கொடுக்கப்படுகின்றன. ஊரைப் பறிகொடுத்தவனுக்கு எந்த விண்ணப்பத்திலும் கட்டம் இருக்கவில்லை.

தொண்டர் ஆசிரியராக இருந்து, பிறகு நியமனம் பெற்று, பயிற்சிக் கல்லூரிக்குத் தெரிவானேன். நம் சமூகத்தில் பயிற்சிக் கல்லூரிகளின் வரலாற்றை யாராவது தனியே எழுத வேண்டும். 1941இல் அட்டாளைச்சேனையில் ஆசிரியர் கலாசாலை வந்தபின்னர்தான் பல கிராமங்கள் தமக்குள்ளேயே ஓர் ஆசிரியரைக் கண்டன. வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வருவதற்குப் பத்து வருடம் சோறு போட முடியாத வீடு, இரண்டு வருடம் எப்படியாவது தாக்குப்பிடிக்கும். சம்பளத்தோடு படிப்பு என்பதே அதன் பெரிய கவர்ச்சி. எனக்கு முதல் மூன்று மாதம் அந்தச் சம்பளம் வரவில்லை.

உம்மும்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போடுவார். யாழ்ப்பாணத்தில் ஓதப்பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பிடியரிசி. நிவாரண அரிசி தின்ற காலத்திலும் அவர் கை அதை மறக்கவில்லை. அந்தப் பானையைத்தான் எனக்குக் கட்டித் தந்தார். போதவில்லை. எங்களோடு வெளியேறி வந்து, புத்தளத்தில் அரிசிக்கடை போட்டிருந்த ஒருவர் கேள்விப்பட்டுக் கூப்பிட்டார். மெத்தை, வாளி, பஸ் காசு, மூன்று மாதச் சாப்பாடு. திருப்பித் தருகிறேன் என்றேன். "எனக்குத் தராத. இன்னொரு பிள்ளை வரும், அதுக்குக் குடு. என்ட பேரைச் சொல்லப்படாது" என்றார். வட்டுக்கோட்டைக் கதையை நான் அப்போது வாசித்திருக்கவில்லை.

யுத்தம் முடிந்தபின் ஊர் திரும்பி, தீவகத்துக்கு நியமனம் கேட்டு வாங்கினேன். தீவுகளுக்கு வெளியே தீவார் நிறைய இருக்கிறார்கள். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று ஊர்ச்சங்கங்கள் இருக்கின்றன. புங்குடுதீவுக்கும் நயினாதீவுக்கும் உதவி வருகிறது. தங்கள் ஊர்ப் பிள்ளைக்கென்று வரும் காசு, நல்ல காசுதான். ஆனால் எந்தச் சங்கத்தின் கண்ணிலும் படாத வீடுகள் ஒவ்வொரு தீவிலும் உண்டு. வலை பொத்திக்கொண்டிருந்த அந்த மனிதரின் வீடு அப்படியானது.

அவரிடமிருந்து திரும்பிய அன்றிரவு புத்தளத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். முதலாளிக்கு எண்பதைத் தாண்டியிருந்தது, கடையை மகன் பார்த்தார். "நீ குடுக்கிறதாத்தானே சொன்னாய்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு, "நீ பாதியைப் போடு, நான் பாதியைப் போடுறன்" என்றார். பிள்ளை முஸ்லிம் அல்ல என்று சொன்னேன். அதை நான் ஏன் சொன்னேன் என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது. அவர் அதைக் காதில் விழாதவர்போல், விடுதியில் மாதம் எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்தார்.

தை மாதம் பிள்ளை விடுதிக்குப் போனாள். இரண்டு கிழமை கழித்துத் தகப்பன் இறங்குதுறையில் என்னைப் பிடித்தார். "சேர், காசு தந்தது ஆர்?" என்றார். சொல்ல அனுமதியில்லை என்றேன். கொஞ்சநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வெள்ளிக்கிழமை வள்ளம் வெளிக்கிடும் நேரம் ஓடிவந்து ஒரு பொதியைக் கையில் திணித்தார். உள்ளே கருவாடும் ஒடியல் மாவும். "பேர் வேண்டாம், இதை மட்டும் சேர்த்துவிடுங்கோ" என்றார். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் புத்தளம் பஸ் நடத்துநரிடம் அந்தப் பொதியைக் கொடுத்தபோது, அனுப்புபவர் பெயர் என்ன எழுதுவது என்று கேட்டார். நெடுந்தீவு என்று எழுதச் சொன்னேன்.