நாற்காலியின் வயசு காலில் தெரியுமா?

நாற்காலி என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். நாலு கால் உள்ளது, அவ்வளவுதான். முதுகு, கைப்பிடி, உட்காரும் பலகை எதையும் சட்டை செய்யாமல் காலை மட்டும் எண்ணிப் பேர் வைத்துவிட்டார்கள் நம் ஆட்கள். முக்காலிக்கும் அதே கதைதான்.

பழைய மரச்சாமான் வாங்குகிறவர்களும் இப்படித்தான். கடைக்குள் நுழைந்ததும் குனிந்து காலைப் பார்ப்பார்கள். மும்பை சோர் பஜாரில் மட்டன் ஸ்ட்ரீட் பக்கம் போனால் கடைக்காரரே காலைக் காட்டித்தான் பேச்சை ஆரம்பிப்பார். "விக்டோரியன் சாப், இருநூறு வருஷம்!" விக்டோரியா பட்டத்துக்கு வந்தது 1837-இல். இருநூறு வருஷம் ஆக இன்னும் பாக்கி இருக்கிறது என்று சொன்னால் சிரித்துக்கொண்டே டீ வாங்கித் தருவார். :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். காலைப் பார்த்து வயசு சொல்ல முடியுமா? பாதி முடியும். அந்த மோஸ்தர் எப்போது பிறந்தது என்பதைக் கால் சொல்லிவிடும். நம் முன்னால் நிற்கிற நாற்காலி எப்போது பிறந்தது என்பதைச் சொல்லாது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஏமாந்தவர்களில் மிகப் பெரிய மனிதர் ஒருவர் உண்டு. அந்தக் கதையில் நம் ஊரும் வருகிறது.

ஹொரேஸ் வால்போல் (1717-1797). இங்கிலாந்தின் பிரதமராக இருந்தவரின் மகன், எழுத்தாளர், பழம்பொருள் பித்தர். லண்டனுக்கு அருகே ட்விக்கன்ஹாமில் ஸ்ட்ராபெர்ரி ஹில் என்று ஒரு வீட்டைப் பழைய கோதிக் பாணியில் கட்டி, அதற்கேற்ற பழைய சாமான்களைத் தேடிக்கொண்டிருந்தார். கன்னங்கரேல் என்று கருங்காலி மரத்தில், முறுக்கு பிழிந்த மாதிரி திருகித் திருகிக் கடைந்த கால்களுடன் சில நாற்காலிகள் அவர் கண்ணில் பட்டன. அப்படிப்பட்ட நாற்காலிகள் கார்டினல் உல்சி வாழ்ந்த ஈஷர் மாளிகையில் இருந்ததால், எட்டாம் ஹென்றி காலத்துச் சரக்கு, அதாவது டியூடர் காலம் என்று முடிவு கட்டினார். 1763-இல் ஓர் ஏலத்தில் அந்த ரகத்தை வாங்கியும் போட்டார். அவரைப் பார்த்து மற்ற பிரபுக்களும் தேட ஆரம்பித்தார்கள். கருங்காலி நாற்காலி என்றால் டியூடர் என்ற நம்பிக்கை அடுத்த நூற்றாண்டிலும் ஓடியது.

உண்மையில் அவை எங்கே செய்யப்பட்டவை? சோழமண்டலக் கரையில்! கோரமண்டல் என்று வெள்ளைக்காரர்கள் வாயில் திரிந்த அதே கரை, இன்றைய தமிழ்நாடு-ஆந்திரக் கடற்கரை. காலம் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஐரோப்பியக் கம்பெனிக்காரர்களுக்காக நம் கரைத் தச்சர்கள் கடைந்த கால்கள், செதுக்கிய பூக்கொடிகள். டியூடர் வம்சம் 1603-இலேயே முடிந்துவிட்டது. இங்கிலாந்தில் முறுக்குக் கால் பரவலான மோஸ்தரானது 1660-களில்தான். நூறு வருஷத்துக்கு மேல் கணக்குத் தப்பு, ஐயாயிரம் மைல் முகவரி தப்பு. அந்த ரக நாற்காலிகள் இன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் சரியான ஊர்ப் பெயரோடு இருக்கின்றன. செய்த தச்சர்களின் பெயர்தான் எங்குமே இல்லை.

மோஸ்தர் என்றேன் இல்லையா, அது போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். மாதிரி என்று பொருள். மேஜை, அலமாரி, மேஸ்திரி எல்லாமே அவர்கள் கொடுத்தவைதான். வேலை நடந்த முறையும் அதேதான்: துரை ஒரு மாதிரி நாற்காலியையோ படத்தையோ கொடுப்பார், நம் தச்சர் அச்சு அசலாகச் செய்து தருவார். பிறகு அந்த மாதிரியைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து இன்னொன்று. லண்டனில் பத்து வருஷத்தில் மலையேறிப்போன மோஸ்தர் இங்கே தலைமுறைகளாக ஓடியதற்கு இதுதான் காரணம்.

இப்போது கால்களின் வரிசை. இதை மனசில் வைத்துக்கொண்டால் பாதிக் கடைக்காரர்களைச் சமாளிக்கலாம்.

முறுக்குக் கால்: மேலே சொன்னது. 17-ஆம் நூற்றாண்டு. 1800-களில் மறுபடியும் நகலெடுத்தார்கள்.

ஆட்டுக்கால்: தொடை புடைத்து, கணுக்கால் ஒடுங்கி வளைந்திருக்கும். கேப்ரியோல் என்பார்கள், அந்தப் பெயருக்குள்ளும் துள்ளுகிற ஆடு இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. சிலவற்றின் பாதத்தில் பறவை நகம் ஓர் உருண்டையைப் பற்றியிருக்கும். இதைக் காட்டி "சிப்பண்டேல்" என்று விலை ஏற்றுவார்கள். தாமஸ் சிப்பண்டேல் 1754-இல் வெளியிட்ட புகழ்பெற்ற வடிவப் புத்தகத்தில் அந்த நகப் பாதமே கிடையாது என்பது கடையில் சொல்ல நல்ல தகவல்.

ஒல்லிக் கால்: நேராக, கீழே போகப் போகச் சிறுத்துவரும் சதுரக் கால். ஹெப்பில்வைட்டின் புத்தகம் 1788, ஷெரட்டனுடையது 1791 முதல். ஆக 18-ஆம் நூற்றாண்டின் கடைசி.

வாள் கால்: பட்டாக்கத்தி போல வெளிப்பக்கம் வளைந்தது. பழைய கிரேக்க நாற்காலியைப் பார்த்துச் செய்தது. 1800-களின் தொடக்கம்.

குண்டுக் கடைசல் கால்: பருத்து, வளையம் வளையமாக, பல சமயம் பித்தளைச் சக்கரத்துடன். விக்டோரியா காலம். பம்பாயின் செதுக்கு வேலைப்பாடு நிறைந்த ஈட்டி மரச் சாமான்கள் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வந்தவை. இங்கே அதைப் பிளாக்வுட் என்பார்கள்.

நீராவியில் வளைத்த கால்: மும்பை இரானி ஹோட்டல்களில் நீங்களே உட்கார்ந்திருப்பீர்கள். மைக்கேல் தோனெட் 1859-இல் வியன்னாவில் கொண்டுவந்த 14-ஆம் நம்பர் நாற்காலியின் வம்சம். ஆறு மரத்துண்டு, பத்து ஸ்க்ரூ, இரண்டு நட்டு. கழற்றிப் பெட்டியில் அடுக்கிக் கப்பலில் அனுப்பினார்கள்.

காம்பஸ் கால்: பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸை விரித்து நிறுத்தியது போல. 1950-களில் சண்டிகர் அரசு அலுவலகங்களுக்காகப் பியர் ஜான்னரே வடிவமைத்த தேக்கு நாற்காலிகள். உடைந்ததென்று கழிவுச் சரக்காக ஏலம் விட்டவை, பிறகு வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் போயின. 2011-இல் உள்துறை அமைச்சகம் விற்பனைக்குத் தடை போடவேண்டி வந்தது. இப்போது அதற்கும் போலி ஏராளம்.

வரிசை தெரிந்தால் மட்டும் போதாது. வால்போலுக்கு வராத புத்தி ஒன்று வேண்டும்: நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்ப்பது. கடைக்காரர் முறைத்தாலும் கவிழ்க்கணும்.

பாதத்தின் அடியைப் பாருங்கள். நூறு வருஷம் தரையில் இழுபட்ட கால் சீராகத் தேய்ந்திருக்காது, ஓரம் மழுங்கியிருக்கும். எறும்புக்கும் கரையானுக்கும் பயந்து தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திய கட்டில், அலமாரிக் கால்களில் கறை ஏறியிருக்கும். கூர்மையான விளிம்பும் ஒரே சீரான பழுப்புச் சாயமும் தெரிந்தால் போன மாசத்து வேலை.

கடைசல் காலாக இருந்தால் ஒரு நூலைச் சுற்றாமல் இரண்டு பக்கமாக அளந்து பாருங்கள். மரம் உலரும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவு சுருங்காது. அதனால் வட்டமாகக் கடைந்த பழைய கால் லேசாக முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். இதைப் போலி செய்வது ரொம்பக் கஷ்டம்.

ஸ்க்ரூவைக் கழற்ற விடுவார்களானால் முனையைப் பாருங்கள். 1840-களுக்கு முன் வந்தவை மொண்ணையானவை, கூர்முனை அதற்கு அப்புறம்தான். ஆனால் ஸ்க்ரூவை எப்போது வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம், அது மட்டுமே சாட்சி ஆகாது. நாலு காலும் ஒரே மரமா, ஒரே தேய்மானமா என்றும் ஒப்பிடுங்கள். பழைய பலகைக்குப் புதுக் கால் பூட்டுவது சகஜம்.

தெரிந்த குடும்பம் ஒன்று புறநகரில் ஒரு கடையில் நகப் பாதம் வைத்த சோபா செட் வாங்கியது. "ஆங்கிலேயர் காலம்" என்ற வார்த்தைக்கு மட்டும் தனி விலை. கவிழ்த்தால் நாலு காலிலும் ஒரே மெஷின் வெட்டு, நட்சத்திரத் தலை ஸ்க்ரூ! அதே வருஷம் அவர்கள் ஊரில் பாகப்பிரிவினை. தாத்தாவின் ஈட்டி மரச் சாய்வு நாற்காலியை, "யார் இதைத் தூக்கிக்கொண்டு திரிவது" என்று பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். கிடைத்த காசு சோபாவின் ஒரு காலுக்குக்கூட ஆகாது. ஊரை விட்டு வந்த நம்மில் எத்தனை வீட்டில் இந்தக் கணக்கு நடந்திருக்கிறது, யோசியுங்கள்.

வெளிநாடு போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒரு கொசுறு: 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைவேலைப்பாடுள்ள பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஈட்டி மரத்துக்கும் சர்வதேச விதிகள் தனியாக உண்டு. கன்டெய்னரில் ஏற்றும் முன்பே தொல்லியல் துறையிடம் கேட்டுவிடுங்கள்.

இங்கே மும்பையில் தேடுவது தேடுங்கள், சுவாரசியமான பொழுதுபோக்குதான். அதற்கு முன்னால் லீவில் ஊருக்குப் போகும்போது பரண், மாட்டுக் கொட்டகை, பின்கட்டு மூன்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள். ஒரு கால் ஆடுகிறது என்று ஒதுக்கி வைத்தது ஏதாவது கிடக்கும். கவிழ்த்துப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் எந்தத் தச்சர் செய்தது, எந்தக் கல்யாணத்துக்கு வந்தது என்று கேட்டு, ஒரு காகிதத்தில் எழுதி அடிப்பலகையில் ஒட்டி வையுங்கள். அந்தக் கருங்காலி நாற்காலிகளுக்கு அப்படி ஒரு சீட்டு இருந்திருந்தால், நம் கரைத் தச்சர்களின் வேலை அத்தனை காலம் ஹென்றி ராஜா கணக்கில் இருந்திருக்காது.