முதலும் உரிமையும்: வட சிலாங்கூர்ச் சிறுதொழிலில் பெண்கள்

மலாய்மொழி தமிழிலிருந்து ஏற்றுக்கொண்ட சொற்களுள் வணிகத்துக்கு இன்றியமையாதவை மூன்று. ‘கடை’ அங்கே ‘கெடாய்’ ஆயிற்று. ‘முதல்’ ‘மோடால்’ ஆயிற்று. ‘பெட்டி’ ‘பெத்தி’ ஆயிற்று. சொற்களை நாம் கொடுத்தோம். ஆனால், கடையில் உழைத்த நம் பெண்களுக்கு முதலின்மீதும் பெட்டிச் சாவியின்மீதும் உரிமை இருந்ததா என்னும் வினாவை நாம் அரிதாகவே எழுப்பியிருக்கிறோம். கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்சுந்தை எனத் தோட்டங்கள் சூழ்ந்த வட சிலாங்கூரை முன்வைத்து இங்கு அதனை ஆராய்வோம்.

கூலியும் கூட்டும்

1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியப் பகுதிகளில் தென்னிந்தியத் தொழிலாளர்க்கு வகுக்கப்பட்ட கூலி, நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடியற்காலைப் பிரட்டுக்கு இருவரும் நின்றனர். குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் பால்மரம் வெட்டச் சென்றவளின் உழைப்பு, ஐந்தில் நான்கு பங்காகவே எண்ணப்பட்டது.

எஞ்சிய பொழுதில் அவள் மாடு வளர்த்துப் பால் விற்றாள், பூக்கட்டினாள், முறுக்குச் சுட்டாள், துணி தைத்தாள். இவையெல்லாம் ‘கைச்செலவுக்கு’ என்றே பேசப்பட்டன. தொழில் என்னும் பெயரைப் பெறவில்லை. இவற்றுக்கு முதல் திரட்டித் தந்தது ‘கூட்டு’. மாதந்தோறும் ஆளுக்கு இவ்வளவு எனப் போட்டு, முறைவைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் அவ்வழக்கத்தை மலாய்மொழி ‘குத்து’ என்கிறது. அதனைத் தொழிலாக நடத்துவதைத் தடைசெய்த 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் ‘கூட்டு’ என்னும் நம் சொல்லே இடம்பெற்றுள்ளது. ஈடுவைக்க நிலமில்லாத பெண்கள், ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையையே ஈடாக்கினர் என்பது இங்குக் கருதத்தக்கது.

பொன்னை மறுத்த ஆய்மகள்

ஈட்டியதைத் தொழிலுக்கே திருப்பும் அறிவு நம் பெண்களுக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஆய்மகள் ஒருத்தி வருகிறாள். மோர் விற்று உறவினர்க்கு உணவளிக்கும் அவள், நெய்யின் விலைக்குப் பொன்னைப் பெற மறுத்து, எருமையும் பசுவுமாகப் பெற்றுக்கொள்கிறாள். பொன் பெட்டியில் உறங்கும். மாடு கன்று ஈனும். எதனைப் பெறுவது என்று முடிவு செய்தவள் அவளே என்பதுதான் நமக்குரிய பாடம்.

1986இல் நிகழ்ந்தது

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கிப்பன்சும் சுக்கோர் காசிமும், வங்காளதேசத்தின் கிராமின் வங்கி முறையைப் பின்பற்றி, 1986இல் வடமேற்குச் சிலாங்கூரில் ‘புரோஜெக் இக்தியார்’ என்னும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கினர். ஈடின்றி ஏழைகளுக்குச் சிறுகடன் வழங்குவது அதன் நோக்கம். கடனைத் திருப்பிச் செலுத்திய அளவு, பெண்களிடையே 95 விழுக்காடு. ஆண்களிடையே 72 விழுக்காடு என அவ்விருவரும் பதிவு செய்தனர். இத்திட்டமே 1987இல் ‘அமானா இக்தியார் மலேசியா’ என்னும் அமைப்பாக வளர்ந்தது.

இச்சோதனை முதன்மையாக மலாய்க் கிராமங்களில் நடைபெற்றது. அண்மையிலேயே இருந்த தோட்டங்களிலோ, அக்காலத்தில் ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை பரவிக்கொண்டிருந்தது, வேலையாள்கள் குறைந்தனர். பின்னர் நிலங்கள் கைமாறியபோது, வேலையோடு லயத்து வீட்டையும் இழந்த குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பங்களில் கைச்செலவுக்கு என்று பேசப்பட்ட பெண்ணின் தொழிலே அடுப்பெரிய வழியாயிற்று. அமானா இக்தியார் அமைப்பின்வழி இந்தியப் பெண்களுக்கெனத் தனிக்கடன் திட்டம் 5 கோடி ரிங்கிட் ஒதுக்கீட்டில் வந்தது 2024இல்தான். அதன் சுருக்கப்பெயர் ‘பெண்’ என்றே ஒலிக்கிறது.

கடன் வேறு, உரிமை வேறு

எனினும் 95 விழுக்காட்டைக் கண்டு நாம் நிறைவடைதல் ஆகாது. வங்காளதேசத்தில் ஆய்வு செய்த ஆன் மேரி கோட்சும் ரீனா சென் குப்தாவும், பெண்கள் பெயரில் பெறப்பட்ட கடன்களுள் கணிசமானவற்றை வீட்டு ஆண்களே கையாண்டதை 1996இல் எடுத்துக்காட்டினர். கடன் அவள் தலைமேல், முடிவு பிறர் கையில் என்றால் அது சமத்துவமாகாது. சுமை கூடியதாகவே முடியும்.

சிறுதொழிலுக்குப் பெருநிறுவனத்தைப்போல் பெருமுதலோ விளம்பரமோ இல்லை. குடும்பத்தாரின் திறனும் வாடிக்கையாளரின் நம்பிக்கையுமே அதன் வலிமை. எந்த வீட்டில் கடன் நிற்கிறது, எந்தப் பண்டம் தேங்குகிறது, அரிசி விலை ஏறினால் இட்லிக்கு எவ்வளவு கூட்டலாம் என்பதையெல்லாம் நாள்தோறும் அறிபவள், விலையை நிறுவவும் கடன் மறுக்கவும் அதிகாரமின்றி நின்றால், அத்தொழில் தன் வலிமையில் பாதியைத் தானே துறக்கிறது. போட்டியில் அது தளர்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சட்டம் ஓரளவு வழிவகுத்துள்ளது. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சட்டம், 1982 மார்ச்சு முதல் நாள் நடப்புக்கு வந்தது. மணமுறிவின்போது இருவர் உழைப்பால் சேர்ந்த சொத்தைப் பிரித்தளிக்க அதில் இடமுண்டு. பால் அடிப்படையிலான பாகுபாட்டுக்குத் தடை, அரசமைப்பின் 8ஆம் பிரிவில் 2001இல் சேர்க்கப்பட்டது. வழக்கம் இன்னும் அவ்வளவுக்கு நகரவில்லை. நம் மொழியிலேயே அதற்குச் சான்றுண்டு. ‘முதலாளி’ என்பதன் ‘ஆளி’ விகுதி இருபாலுக்கும் பொது. ஆயினும் வழக்கில் ‘முதலாளியம்மா’ என்றால் பெரும்பாலும் முதலாளியின் மனைவியையே குறிக்கிறது. இலக்கணம் பொதுவில் வைத்த சொல்லை நாம் ஒருபாலுக்கு ஒதுக்கிக்கொண்டோம்.

மாணவர்களுக்கு ஒரு பணியை முன்வைக்கிறோம். உங்கள் பாட்டியரிடமும் அன்னையரிடமும் அவர்கள் செய்த சிறுதொழிலைக் கேட்டு எழுதுங்கள். முதல் எங்கிருந்து வந்தது, விலையை யார் முடிவு செய்தார், உரிமப் பதிவில் யார் பெயர் உள்ளது என்னும் மூன்றையும் தவறாது குறியுங்கள். ஆசிரியர்கள் அவற்றைத் தொகுத்துப் பள்ளியில் பேணுக. தோட்டங்கள் மறைந்துவரும் இவ்வட்டாரத்தில் அப்பாட்டியரின் நினைவே நமக்கு எஞ்சியுள்ள ஆவணம். அதற்கும் காலம் குறுகிவருகிறது.