இடிபாடுகள் சொல்லும் சாட்சி

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து செல்லும் வழிப்போக்கருக்குக் கேரளம் எவ்விடத்தில் முடிந்தது, தமிழ்நாடு எவ்விடத்தில் தொடங்கியது என்பது பெயர்ப்பலகையைப் பார்த்தாலன்றிப் புலப்படாது. மண் ஒன்று, தென்னையும் வாழையும் மரச்சீனியும் ஒன்று, இரு மொழிகளும் இரு புறத்திலும் வழங்குகின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை இராச்சியத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அன்று முதல் எல்லைக்கு இப்பால் வாழும் தம்பிக்கு நெய்யாற்றின்கரை நீதிமன்றமும், அப்பால் வாழும் அண்ணனுக்குக் குழித்துறை நீதிமன்றமும் உரியவை ஆயின. ஒருவரது மேல்முறையீடு எறணாகுளத்திற்குச் செல்லும். மற்றவரது மேல்முறையீடு சென்னைக்கும், 2004-க்குப் பின் மதுரைக்கும் செல்லும்.

உறவும் உழைப்பும் இக்கோட்டை நாள்தோறும் கடக்கின்றன. பாறசாலைக் கொத்தனார் ஒருவர் மார்த்தாண்டத்தில் வேலைக்குச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கான்கிரீட் தட்டு வார்க்கும்போது முட்டுக்கால் சரிந்து, அவர் கீழே விழுந்து முதுகெலும்பு முறிகிறது. காண்டிராக்டர் வேறோர் ஊர்க்காரர். கட்டட உரிமையாளர் மற்றோர் ஊர்க்காரர். மருத்துவமனை வாயிலில் நிற்கும் மனைவியின் நெஞ்சில் எழும் வினாக்கள் மூன்று. யாரைக் கேட்பது? எந்த ஊரில் கேட்பது? எத்தனை நாளுக்குள் கேட்பது? இவ்வினாக்களுக்கு இன்று விடை உண்டு. அவ்விடை உருவான வரலாறு நெடியது.

ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டத்தில் வீடு இடிந்து விழுவதைப் பற்றிய விதிகள் உள்ளன. வீடு இடிந்து வீட்டுக்குரியவன் மாண்டால், கட்டியவனுக்கு மரண தண்டனை. உரியவனின் மகன் மாண்டால் கட்டியவனின் மகனுக்கு அத்தண்டனை. பொருள் அழிந்தால் அதை ஈடுசெய்து, வீட்டையும் தன் செலவிலேயே மீண்டும் கட்டித் தரவேண்டும். கடுமையான சட்டந்தான். ஆயினும் அவ்விதிகளில் அவ்வீட்டிற்குச் செங்கல் சுமந்தவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நம் நாட்டு நீதிமன்றங்கள் பின்பற்றிய ஆங்கிலச் சட்டமும் நெடுங்காலம் இரக்கமற்றதாகவே இருந்தது. ஒருவரது மரணத்தைக் காரணமாகக் காட்டி உரிமையியல் நீதிமன்றத்தில் ஈடு கோர இயலாது என்று 1808-இல் எல்லன்பரோ பிரபு தீர்ப்பளித்தார். காலை இழந்தவன் வழக்குத் தொடரலாம். உயிரை இழந்தவனின் குடும்பம் தொடரலாகாது என்பதே அதன் பயன். இந்த அநீதியை 1846-இல் காம்பெல் பிரபுவின் சட்டம் இங்கிலாந்தில் நீக்கியது. அதனை ஒட்டி 1855-இல் இந்தியாவில் உயிர்ச்சேத விபத்துச் சட்டம் பிறந்தது. பிறரது தவறான செயலாலோ கவனக்குறைவாலோ ஒருவர் இறந்தால், அவருடைய மனைவி அல்லது கணவர், பெற்றோர், மக்கள் ஆகியோரின் பொருட்டு வழக்குத் தொடர அது வழி திறந்தது.

வழி திறந்தபோதிலும் வாயிலில் ஒரு பெருஞ்சுமை கிடந்தது. கவனக்குறைவு இருந்தது என்பதை மெய்ப்பிக்க வேண்டியவர் வழக்குத் தொடுப்பவரே. சாலையில் நடந்து சென்றவர் மீது சுவர் விழுந்தால், அச்சுவரைக் கட்டியதும் பேணியதும் எவ்வாறு என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? 1863-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு வந்தது. லிவர்ப்பூல் நகரில் பண்டகசாலையின் மேல்மாடியிலிருந்து மாவுப் பீப்பாய் ஒன்று வழிப்போக்கர் மீது விழுந்தது. பீப்பாய்கள் தாமாக உருண்டு வந்து விழுவதில்லை. ஆதலால் விழுந்த செய்தியே தனக்குத்தானே சாட்சி. தவறு இல்லையென்று காட்டவேண்டியது பண்டகசாலைக்காரரின் பொறுப்பு என்று நீதிபதிகள் கருதினர். சுமை இவ்வாறு ஒரு தோளிலிருந்து மற்றொரு தோளுக்கு மாறியது.

இக்கொள்கையை இந்தியக் கட்டடங்கள் மீது நிலைநிறுத்திய வழக்கு டெல்லியில் எழுந்தது. சாந்தினி சௌக்கின் கடைவீதியில், டவுன் ஹாலுக்கு எதிரே, மணிக்கூண்டு ஒன்று நின்றது. 1951-இல் அது இடிந்து வீழ்ந்தது. மாண்டோரில் மூவரின் வாரிசுகள் நகராட்சியின் மீது தனித்தனியே வழக்குத் தொடுத்தனர். வழக்கு மன்றத்திலும் பஞ்சாப் உயர் நீதிமன்றத்திலும் நகராட்சியே பொறுப்பு என்று முடிவாயிற்று. உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு 1966-இல் வந்தது. அதனை எழுதியவர் நீதிபதி வி. ராமசுவாமி.

நகராட்சி கூறிய விடை, இன்றும் நாம் அடிக்கடி கேட்கும் விடையே. கோபுரத்தில் வெளிப்படையான விரிசல் இல்லை. உள்ளே மறைந்திருந்த குறையை யாரே அறிவார் என்றது. ஆனால் இடிபாடுகளை ஆராய்ந்த பொறியாளர்களின் சாட்சியம் வேறாக இருந்தது. கோபுரத்தின் வயது ஏறத்தாழ 80 ஆண்டு. அதன் மேற்பகுதிக்குப் பயன்பட்ட சாந்தின் தன்மையை நோக்கினால் அதன் ஆயுள் 40 அல்லது 45 ஆண்டே. கற்களைப் பிணைக்கவேண்டிய சாந்து பிடிப்பற்ற பொடியாகப் போயிருந்தது. ஆயுள் முடிந்து பல்லாண்டு கடந்தும் முறையான சோதனை நடைபெற்றதாகச் சான்றில்லை. ஆகவே, கோபுரம் நகராட்சியின் முழு ஆளுகையில் இருந்ததாலும், பேணப்படும் கோபுரம் தானே விழுவது இயற்கையன்று என்பதாலும், வீழ்ச்சியே கவனக்குறைவைக் காட்டுகிறது என்று நீதிமன்றம் கொண்டது. பொதுச்சாலையை ஒட்டிய கட்டடத்திற்கு உரியவர், குறை வெளிப்பட்டதாயினும் மறைந்ததாயினும், வழிப்போக்கருக்குப் பொறுப்பாளி என்றும் கூறியது.

அத்தீர்ப்பின் நீதி எல்லைப்புறத்துக் கிராமத்திற்கும் உரியது. பஞ்சாயத்துக் கட்டடமாயினும், பள்ளிச் சுற்றுச்சுவராயினும், தனியார் கடைமாடியாயினும், சாலையில் செல்பவர் மீது அது விழுந்தால் 'எங்களுக்குத் தெரியாது' என்ற சொல் போதிய விடையாகாது. 2025 ஜூலை 3-ஆம் நாள் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியின் பழைய கட்டடப் பகுதி ஒன்று இடிந்து ஒரு பெண்மணி உயிரிழந்தபோது, பழங்கட்டடங்களைச் சோதித்துப் பார்க்கும் கடமை கேரளமெங்கும் மீண்டும் பேசப்பட்டது. கட்டடம் அரசினுடையதாயின், உரிமையியல் வழக்கேயன்றி, அரசமைப்பின் 226-ஆம் விதியின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகும் வழியும் உண்டு.

வழிப்போக்கரின் நிலை இது. தொழிலாளியின் நிலை வேறு. வேலையை ஏற்றவன் அதன் ஆபத்தையும் ஏற்றான் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு நீதிமன்றங்கள் கூறிவந்தன. அக்கொள்கையைப் பெரிதும் ஒதுக்கி, 1923-இல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இந்தியாவில் இயற்றப்பட்டது. முதலாளியின் தவறு யாது என்று தொழிலாளி காட்டவேண்டுவதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தது என்று காட்டினாற் போதும். இது மணிக்கூண்டுத் தீர்ப்பினும் ஒருபடி முன்னேறிய நீதி. அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. அடிப்படைக் கொள்கைகள் அதிலும் தொடர்கின்றன. மரணத்திற்கு மாதச் சம்பளத்தின் 50 சதவீதத்தையும், முழு நிரந்தர ஊனத்திற்கு 60 சதவீதத்தையும், வயதுக்கேற்ற எண்ணால் பெருக்கித் தொகை காண்பது அதன் முறை. இளையவரின் எண் பெரிது. முதியவரின் எண் சிறிது.

இச்சட்டத்தில் எல்லைப்புறத்தார் நினைவிற் கொள்ளவேண்டியவை நான்கு உள்ளன.

முதலாவது, பொறுப்பாளி யார் என்பது. வேலையை எடுத்த காண்டிராக்டர் ஓடிவிட்டாலும், தம் தொழிலின் பொருட்டு அவரிடம் வேலையை ஒப்படைத்த முதன்மை முதலாளியிடம் ஈடு கேட்கலாம். அவர் கொடுத்த பின் காண்டிராக்டரிடமிருந்து மீட்டுக்கொள்வது அவர் பாடு.

இரண்டாவது, இடம். முன்னாளில் விபத்து நிகழ்ந்த பகுதிக்குரிய ஆணையரிடமே மனுச் செய்யவேண்டியிருந்தது. ஊன்றுகோலுடன் பேருந்தேறி வேற்று மாநிலத்திற்கு நடையாய் நடந்து, வழக்கைக் கைவிட்டோர் எத்தனை பேரோ! 1995-இல் செய்த திருத்தம் இதனை மாற்றியது. விபத்து நடந்த இடம், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தவரோ வழக்கமாக வசிக்கும் இடம், முதலாளியின் பதிவு அலுவலகம் உள்ள இடம் ஆகிய மூன்றில் எதிலும் மனுச் செய்யலாம். இவ்வுரிமை புதிய சட்டத்திலும் உண்டு. மார்த்தாண்டத்தில் விழுந்த பாறசாலைக் கொத்தனார் தம் மாவட்டத்து அதிகாரியிடமே முறையிடலாம். 2014 ஜூன் 28-ஆம் நாள் சென்னை மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த உழைப்பாளிகள். இத்தகைய குடும்பங்களுக்கு இத்திருத்தம் எவ்வளவு தேவையானது என்பதை அத்துயரம் காட்டிற்று.

மூன்றாவது, காலம். இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கை வைக்கவேண்டும். போதிய காரணமிருந்தால் தாமதத்தைப் பொறுக்க அதிகாரம் உண்டு. எனினும் அதை நம்பிக் காத்திருத்தல் கூடாது. உயிர்ச்சேத விபத்துச் சட்டத்தின்கீழ் தொடுக்கும் வழக்கிற்கும் மரண நாளிலிருந்து இரண்டு ஆண்டே கெடு.

நான்காவது, கையெழுத்து. சிறு தொகையைக் கையில் திணித்து, 'இனி எவ்வித உரிமையும் இல்லை' என்று எழுதி வாங்கும் வழக்கம் நம் பக்கங்களில் உண்டு. ஈட்டுரிமையைக் கைவிடச் செய்யும் ஒப்பந்தம் சட்டத்தின்முன் செல்லாது. மரணம் நேர்ந்தால், சட்டம் அனுமதிக்கும் சிறு முன்பணம் நீங்கலாக, ஈட்டுத்தொகையை அதிகாரியிடமே கட்டவேண்டும். குடும்பத்தாரிடம் நேரே கொடுத்தது ஈடாகக் கணக்கிற் சேராது. கையெழுத்திட்டுவிட்டோமே என்று எவரும் மனந்தளர வேண்டுவதில்லை.

இனி, பணம் கொடுத்து வீடு வாங்கியவரின் நிலை. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே. அதிற் குறை நேர்ந்தால் நுகர்வோர் மன்றத்தில் முறையிடலாம். அரசு அமைப்பும் அதற்கு விலக்கன்று என்று 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணையத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. முறையீட்டுக்குக் காலம் அங்கும் இரண்டு ஆண்டு. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முறையிடுபவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே அதனைத் தொடுக்கலாம். மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இல் வந்தது. அதன் ஆளுகைக்குட்பட்ட கட்டடத்தில், வீட்டை ஒப்படைத்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தோன்றித் தெரிவிக்கப்பட்டால், 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சீர்செய்வது கட்டியவரின் கடமை.

குற்றவியல் வழி தனி. கவனக்குறைவால் மரணம் விளைத்தலும், கட்டடத்தை இடிக்கும்போதோ பழுதுபார்க்கும்போதோ உரிய காவலின்றி நடத்தலும், முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்திலும், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாயச் சட்டத்திலும் குற்றங்களாகும். நிகழ்ந்த இடம் தம் சரகம் அன்று என்று கூறிக் காவல் நிலையத்தார் தகவலைப் பதியாதிருத்தல் ஆகாது. எங்கு நிகழ்ந்த குற்றமாயினும் எந்நிலையத்திலும் தகவல் தரலாம் என்பது இப்போதைய சட்டம். களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே அலைக்கழிந்தோர்க்கு இவ்விதியின் அருமை தெரியும்.

சாந்தினி சௌக் வழக்கின் முடிவைத் தாங்கி நின்றது பொடியாய்ப் போன சாந்தைப் பற்றிய பொறியாளர் சாட்சியமே என்பதை நாம் மறத்தலாகாது. இன்று இடிபாடுகளை அப்புறப்படுத்த இயந்திரங்கள் சில மணி நேரத்தில் வந்துவிடுகின்றன. அதற்குள் படம் எடுத்து வைத்தல் வேண்டும். மருத்துவமனையின் விபத்துப் பதிவு, முதல் தகவல் அறிக்கையின் நகல், கூலி பெற்றதற்கான சான்று, உடன் வேலை செய்தவர் பெயர்கள் ஆகியவற்றைச் சேர்த்தல் வேண்டும். கட்டட அனுமதியின் நகலை 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஊராட்சியிடம் கேட்டுப் பெறலாம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பொருளில்லையே என்பார்க்கும் வழி உண்டு. பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், ஊனமுற்றோர், ஆலைத் தொழிலாளர், பெருவிபத்திற்கு ஆளானோர் ஆகியோர்க்கு 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இலவச உதவி அளிக்கிறது. அதற்குத் தாலுகாதோறும் குழு இருக்கிறது. மலையாளத்தில் எழுதத் தெரியாதே என்று பாறசாலைத் தமிழர் தயங்கவும் வேண்டா. குறைதீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எம்மொழியிலும் அதிகாரிக்குக் கொடுக்கலாம் என்பது அரசமைப்பின் 350-ஆம் விதி.

மணிக்கூண்டில் மாண்டவர்களின் குடும்பங்கள் இறுதிச் சொல்லைக் கேட்கப் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தன. அவர்கள் பொறுமையால் விளைந்த நீதி இன்று நமக்குக் கைவந்த பொருளாக இருக்கிறது. ஆனால் நம்மைக் கேட்கவிடும் காலம் பெரும்பாலும் இரண்டு ஆண்டே. மருத்துவமனை வாயிலில் நிற்கும் அப்பெண்மணிக்கு அருகில் இருப்பவர் எவராயினும், ஆறுதல் கூறிய பின் இந்த ஒரு செய்தியையும் அவர் காதிற் போடுவாராக.