அழுத்தமானித் தேர்வு (தொழிற்சாலைப் பயன்பாடு)

குழாய்களிலும் கலன்களிலும் உள்ள நீராவி, வாயு, திரவம் ஆகியவற்றின் அழுத்தத்தைக் காட்டும் கருவி அழுத்தமானி. பட்டறை வழக்கில் பிரஷர் கேஜ். இதன் பரவலான வகையான போர்டன் குழாய் மானிக்கு, பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் போர்டன் 1849இல் காப்புரிமை பெற்றார். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3624.

*அளவெல்லை:* வழக்கமான அழுத்தம் முழு அளவின் பாதிக்கும் முக்காலுக்கும் இடையில் அமைய வேண்டும். 6 பார் என்றால் 10 பார் மானி. அதன் துல்லியம் 1% எனில், பிழை 0.1 பார் வரை இருக்கலாம்.

*பொருள்:* குருசுக்குப்பம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று இரும்புக் கூட்டை அரிக்கும். துருப்பிடிக்காத எஃகுக் கூடு ஏற்றது. பித்தளையை அமோனியா தாக்குவதால், அதைக் குளிரூட்டியாகப் பயன்படுத்தும் ஐஸ் தொழிற்சாலைகளில் உட்பாகங்களும் எஃகாக இருப்பது அவசியம்.

*சூழல்:* அதிர்வுள்ள பம்புகளுக்குக் கிளிசரின் நிரப்பிய மானி. கொதிகலனுக்கு, நீராவி நேரடியாகத் தாக்காதபடி சைபன் குழாய்.